ஏழாவது சுற்று, யார் கணக்கில்?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாநில அளவிலான ஒரு போட்டி, 5000 மீட்டர், பார்வை இல்லாதவர்கள் ஓடுகிற டி11 பிரிவு. என் அக்கா மகன் 19 நிமிடம் 22 வினாடியில் இரண்டாவதாக வந்து கோட்டைத் தாண்டினான். அதுவரை அவன் ஓடியதிலேயே அதுதான் நல்ல நேரம், பழைய நேரத்திலிருந்து ஒரு நிமிடத்துக்கும் மேல் குறைத்திருந்தான். அரை மணி நேரம் கழித்துச் சுவரில் ஒட்டிய தாளில் அவன் பெயருக்கு நேரே நேரமும் இல்லை, இடமும் இல்லை, டி.கியூ. என்று மட்டும் போட்டிருந்தார்கள். தகுதி நீக்கம். அவன் ஒரு தப்பும் செய்யவில்லை. முதல் ஏழு சுற்றுக்கு வழிகாட்டியாக அவனோடு ஓடியது நான்.

மன்னிப்புக் கேட்பதற்காக இதை எழுதவில்லை, அதை அவனிடம் நேரிலேயே கேட்டாயிற்று. வழிகாட்டியாக ஓடுவது எப்படி என்று நாங்கள் தேடி அலைந்த காலத்தில் தமிழில் எனக்குக் கிடைத்ததெல்லாம் நெஞ்சை உருக்குகிற கதைகள்தான். கயிறு எவ்வளவு நீளம், ஆள் மாற்றுவது எந்த இடத்தில், எத்தனாவது சுற்று என்பதை யார் எப்படி எண்ணுவது, இதெல்லாம் எதிலும் இல்லை. சரி, நாம் சொதப்பிய விவரத்தையாவது எழுதி வைப்போம், அடுத்து ஓடப்போகிறவர்களுக்கு உதவும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆதாரத்துக்கு வீடியோ இருக்கிறது. அவன் தங்கை பார்வையாளர் மேடையில் உட்கார்ந்து முழு ஓட்டத்தையும் கைப்பேசியில் எடுத்திருந்தாள். அதை எத்தனை தடவை போட்டுப் பார்த்தேன் என்று கணக்கே இல்லை, ராத்திரியில் அந்தச் சத்தம் கேட்டாலே வீட்டுக்காரி அறைக் கதவைச் சாத்திவிடுவாள்.

நாங்கள் மலேசியாவில் கெடா மாநிலத்துப் பீடோங் ஆட்கள். சுங்கைப்பட்டாணியிலிருந்து பழைய சாலையில் வடக்கே வந்தால் ஜெராய் மலை பெரிதாகிக்கொண்டே வரும், அந்த வழியில்தான் எங்கள் ஊர். தாத்தா பால்மரம், அதாவது ரப்பர் மரம் சீவியவர், அப்பாவும் சீவினார், நான் செம்பனை எண்ணெய் ஆலையில் லாரி எடை போடுகிற இடத்தில் இருக்கிறேன். மரம் மாறியதே தவிர ரோடு மாறவில்லை. லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்குப் பின்னால் தொடங்கி ஆலை வாசல் வரைக்கும் போகிற அதே செம்மண் ரோடு, கொஞ்சம் சரளை போட்டிருப்பார்கள், ஒரு பக்கம் செம்பனை, மறுபக்கம் வாய்க்கால். எங்கள் பயிற்சி முழுவதும் இந்த ரோட்டில்தான் நடந்தது. இது ஏன் முக்கியம் என்று பிறகு சொல்கிறேன்.

மருமகனுக்குச் சின்ன வயதிலேயே பொழுது சாய்ந்தால் கண் தட்டும். மற்றப் பிள்ளைகள் இருட்டும் வரைக்கும் பந்து உதைத்துக்கொண்டிருப்பார்கள், இவன் மட்டும் அடுக்கி வைத்த செம்பனை மட்டையில் இடறி விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டு வருவான். மாலைக்கண் என்று லயமே சொன்னது. அக்கா முருங்கைக்கீரை, கேரட், மீன் எண்ணெய் என்று ஊட்டித் தள்ளினாள். பதினான்கு வயதில்தான் பெரிய ஆஸ்பத்திரியில் பெயர் சொன்னார்கள், ரெட்டினிடிஸ் பிக்மென்டோசா. விழித்திரை ஓரத்திலிருந்து பட்டுப்போய்க்கொண்டே வருகிற பரம்பரை நோய், அதற்கும் கீரைக்கும் சம்பந்தமில்லை. அக்கா கட்டியது சொந்த அத்தை மகனை. இரண்டு பேரிடமும் வெளியே தெரியாமல் இருக்கிற ஒரே கோளாறு பிள்ளையிடம் ஒன்று சேர்ந்து வெளிப்படுவதற்குச் சொந்தத்தில் கல்யாணம் செய்வது வாய்ப்பைக் கூட்டும் என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். அன்றைக்கு வீடு வருகிற வரைக்கும் அக்கா வண்டியில் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஓட்டப் போட்டிகளில் பார்வைக் குறைபாட்டை மூன்று பிரிவாக வைத்திருக்கிறார்கள். டி13 என்றால் கூர்மை குறைவு, அல்லது பார்வைப் புலம் 40 பாகை விட்டத்துக்குள் சுருங்கியிருக்கும். அவர்களுக்கு வழிகாட்டி கிடையாது. டி12-ல் புலம் 10 பாகைக்கும் கீழே, அல்லது கூர்மை இன்னும் மோசம். வழிகாட்டியை வைத்துக்கொள்வதும் விடுவதும் அவர்கள் இஷ்டம். டி11 என்றால் பார்வையே இல்லை, இருந்தாலும் வெளிச்சம் தட்டுப்படுகிற அளவுதான். 19 வயதில் முதல் தடவை சோதனைக்குப் போனபோது இவன் டி12, தண்ணீர்க் குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி நடுவில் கொஞ்சம் தெரியும். வழிகாட்டி வேண்டாம் என்று வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டே ஓடினான், ரோஷக்காரன். 26 வயதில் அந்தக் குழாயும் அடைத்துவிட்டது. இப்போது ஜன்னல் எந்தப் பக்கம் என்று சொல்வான், அவ்வளவுதான். 1500 மீட்டர் வரைக்குமான ஓட்டங்களில் டி11 ஆட்கள் வெளிச்சமே புகாத கண்மறைப்பு போட்டே ஆகவேண்டும், கொஞ்சம் வெளிச்சம் தெரிகிறவனும் ஒன்றுமே தெரியாதவனும் ஒரே நிலையில் நிற்கணுமே.

சாப்பாட்டுக் கடையில் ஒருத்தர், நல்ல மனுஷர்தான், "பாவம்பா, கண்ணு தெரியாத பையன், ஏதோ ஓடிக்கிட்டு இருக்கான்" என்று தே தாரேக் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். மருமகன் அவருக்கு ரியோ கதையைச் சொன்னான். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1500 மீட்டர் டி13-ஐ அல்ஜீரியாவின் அப்தெல்லதீஃப் பாக்கா 3:48.29-ல் ஜெயித்தார், அதற்குச் சில வாரம் முன்னால் அதே ஊரில் ஒலிம்பிக் 1500 தங்கம் வாங்கிய அமெரிக்கர் மேத்யூ சென்ட்ரோவிட்ஸின் நேரம் 3:50.00. பாக்கா மட்டுமில்லை, டி13-ல் முதல் நான்கு பேருமே அதைவிட வேகம். நியாயமாகச் சொன்னால் அந்த ஒலிம்பிக் இறுதி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு மெதுவாக ஓடிய ஓட்டம், அதோடு டி13 ஆட்களுக்கு ஓரளவு பார்வை உண்டு. அதெல்லாம் இவனுக்கும் தெரியும். கடையில் சொல்லமாட்டான்.

கயிற்றுக்கு வருகிறேன். கயிறு என்று சொல்கிறோமே தவிர, இரண்டு முனையிலும் விரல் நுழைகிற வளையம் வைத்த ஒரு சின்னத் துண்டு அது. ஓடுபவர் கையில் ஒரு வளையம், வழிகாட்டி கையில் ஒன்று. இழுத்துப் பிடித்தால் 30 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது, நீண்டு சுருங்குகிற துணியாகவும் இருக்கக் கூடாது. நாங்கள் முதலில் விளையாட்டுக் கால்சட்டையிலிருந்து உருவிய எலாஸ்டிக்கில் செய்து மூன்று மாதம் சந்தோஷமாக ஓடிக்கொண்டிருந்தோம். விதியைப் படித்த பிறகு அக்கா காலணி நாடாவை மூன்றாக மடித்து, ரவிக்கை உள்துணியைச் சுற்றி, தையல் மெஷினில் ஓட்டித் தந்தாள். வளையத்தின் உள்பக்கம் மட்டும் பருத்தி, வியர்த்தால் வழுக்காமல் இருக்க. போட்டியன்று அழைப்பு அறையில் அதிகாரி ஒருவர் பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து அளந்தார், 27. அக்கா தையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "சியாப்பா ஜாஹிட்?", யார் தைத்தது என்று கேட்டார். எங்க அம்மா என்று மருமகன் மலாயில் பெருமையாகச் சொன்னான்.

அவன் உள்பக்கம், நான் வெளிப்பக்கம். அவன் வலது கையும் என் இடது கையும் ஒன்றாக முன்னும் பின்னும் போகவேண்டும், அதற்கு அவன் இடது கால் முன்னே வரும்போது என் வலது கால் வரவேண்டும், கண்ணாடியில் பார்க்கிற மாதிரி. இது பழக இரண்டு வாரம் ஆனது. வழிகாட்டி இழுக்கக் கூடாது, தள்ளக் கூடாது, கோட்டைத் தாண்டும்போது ஓடுபவருக்கு முன்னால் போகக் கூடாது. வெளிப்பக்கம் ஓடுகிறவனுக்குத் தூரமும் கூடுதல். இருவருக்கும் நடுவே 70 சென்டிமீட்டர் என்று வைத்தால் ஒரு சுற்றுக்கு 4 மீட்டர் 40, ஏழு சுற்றுக்குக் கிட்டத்தட்ட 31 மீட்டர். ஓட்டம் முடிந்த அன்றைக்கு இந்தக் கணக்கைத்தான் முதலில் போட்டேன். சாக்கு தேடுகிறவன் கணக்கில் புலியாகிவிடுவான்.

கைகால் எல்லாம் பழகிப்போகும், வழிகாட்டிக்கு நிஜமான வேலை வாயில்தான். வளைவு வருது, நேரா, முன்னால ஒருத்தன், வெளிய போறோம், முந்திட்டோம், இன்னும் அஞ்சு சுற்று. தோட்டத்து ரோட்டில் நான் எப்படிப் பேசினேன் என்பதை இப்போது யோசித்துப் பார்த்தால், ஏதாவது இருந்தால் மட்டும் பேசினேன். குழி, மோட்டார், மட்டை, நாய். ஒன்றுமில்லை என்றால் வாயைத் திறப்பதில்லை. ஒன்றரை வருஷம் இப்படி ஓடியதில் அவன் உடம்பு ஒரு விஷயத்தைக் கற்றுக்கொண்டது, மாமா பேசவில்லை என்றால் ரோடு காலி, தாராளமாகப் போகலாம். இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை, அவனும் வாயால் சொன்னதில்லை. இரண்டு பேருக்குமே தெரியாமல் ஒரு சைகை உருவாகி உட்கார்ந்திருந்தது.

5000 மீட்டரிலிருந்து இரண்டு வழிகாட்டிகளை வைத்துக்கொள்ளலாம். நடுவில் ஒரு தடவை ஆள் மாறலாம். மாறுவது மேடைக்கு எதிர்ப்பக்கம் இருக்கிற நேர்ப்பகுதியில் மட்டும்தான், வளைவில் கூடாது, முடிவுக் கோட்டுப் பக்கமும் கூடாது. எங்கள் இரண்டாவது ஆள் படிவம் ஐந்து முடித்த பக்கத்து வீட்டுப் பையன், தனியாக 5000-ஐ 17 நிமிடத்துச் சொச்சத்தில் ஓடுவான். என்னுடைய நேரம், உயிரைக் கொடுத்து ஓடினால், 19:10. இதைப் படிக்கிறவர்கள் இப்போது கேட்கப்போகும் கேள்வியை அப்போது ஒருத்தரும் கேட்கவில்லை. பையனையே முழுசாக ஓட விட்டிருக்கலாமே? அவன் மருமகனோடு ஓடிப் பழகியது இரண்டே வாரம் என்று ஒரு காரணம் வைத்திருந்தேன். அது பொய்யில்லை. ஆனால் ஸ்டேடியத்தில், ஆரஞ்சு மேலாடை போட்டுக்கொண்டு, அக்கா மச்சான் எல்லோரும் பார்க்க ஓடவேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை இருந்தது, அதையும் எழுதிவிட வேண்டும். முந்தின நாள் 1500-ல் நான் ஒருவனே கூட ஓடி ஒரு தப்பும் இல்லாமல் முடித்திருந்தோம், அதில் வந்த தைரியம் வேறு.

திட்டம் இதுதான். சுற்றுக்கு 1:36, பன்னிரண்டரைச் சுற்று, சரியாக 20 நிமிடம். ஏழாவது சுற்றில் எதிர் நேர்ப்பகுதியில் பையன் மாறிக்கொள்வான். உலகச் சாதனைக்காரர்களோடு ஒப்பிட்டுச் சிரித்துக்கொண்டோம், 2024 பாரிஸில் பிரேசிலின் ஜூலியோ சீசர் அக்ரிப்பினோ டி11-ல் ஓடிய 14:48.85 என்பது சுற்றுக்கு 71 வினாடி. நாங்கள் எங்கே, அவர் எங்கே.

துப்பாக்கி வெடித்ததும் மருமகன் பறந்தான். முதல் சுற்று 1:32. நான் "மெதுவாடா" என்றேன், கேட்டான், ஆனாலும் 1:31. மூன்று, நான்கு இரண்டும் 1:33. இந்த வேகம் திட்டத்தைவிடச் சுற்றுக்கு மூன்று நான்கு வினாடிதான் அதிகம், அவனுக்கு அது ஒன்றுமே இல்லை, எனக்கு அது நான் தனியாக உயிரைக் கொடுத்து ஓடுகிற வேகம், அதையும் பேசிக்கொண்டே ஓடவேண்டும். மூணு மணி வெயில் வேறு, தரையிலிருந்து சூடு முகத்தில் அடித்தது. ஐந்தாவது சுற்று 1:34. அதில் முன்னால் போன ஜோடியை முந்த வெளியே போனோம், வளைவில் போனதால் கூடுதல் தூரம் வேறு, தப்பான இடம், அதுவும் என் முடிவுதான். வீடியோவில் அதுவரைக்கும் என் முகம் அவன் பக்கம் திரும்பியபடியே இருக்கிறது. 2000 மீட்டருக்கு மேல் நேராகப் பார்த்து ஓடுகிறேன். பேச்சு நின்ற இடம் அது. மூச்சுக்கு மட்டுமே வாய் போதவில்லை.

ஆறாவது சுற்று 1:31. ஏழாவது 1:29.

இந்த இரண்டு எண்ணையும் வீடியோவிலிருந்து எடுத்த ராத்திரி நான் நம்பவில்லை, மறுபடி எடுத்தேன். அதே. நான் செத்துக்கொண்டிருந்த இரண்டு சுற்றில்தான் அவன் வேகம் கூட்டியிருக்கிறான். ஓடும்போது எனக்குத் தோன்றியது என்னவென்றால், மருமகன் உணர்ச்சிவசப்பட்டு என்னை இழுக்கிறான். வழிகாட்டி இழுக்கக் கூடாது என்றுதான் விதி இருக்கிறது, இங்கே கயிறு தலைகீழாக இழுபட்டது. பிறகு அவனிடம் கேட்டேன், "ஏன்டா அந்த நேரத்துல ஏத்துன?" "நீங்கதான மாமா சத்தமே இல்ல, முன்னால காலியா இருக்கு போலன்னு நெனச்சேன்." அதோடு இன்னொன்றும் சொன்னான். தோட்டத்து ரோட்டில் சரளைச் சத்தத்தில் என் கால் இழுபடுவது அவனுக்குக் கேட்கும், மாமா களைச்சுட்டாரு என்று அவனே குறைத்துக்கொள்வான். செயற்கைத் தளத்தில் கால் வைத்தால் பொத் பொத் என்று மெத்தை மாதிரிச் சத்தம், நான் தளர்ந்தது காதுக்கு வரவேயில்லை. அந்தத் தளத்தில் நாங்கள் அதற்கு முன் ஓடியதே மொத்தம் இரண்டு தடவை. ஆக அவனுக்கு என் நிலைமை தெரிவதற்கு இருந்த இரண்டு வழியும் ஒரே நேரத்தில் அடைபட்டுவிட்டன.

ஏழாவது சுற்றின் எதிர் நேர்ப்பகுதிக்குள் நுழையும்போது தலையைத் தூக்கிப் பையனைத் தேடினேன். உள்ளே புல்லில் உட்கார்ந்து காலணி நாடாவை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

இங்கேதான் தலைப்பு. 5000 மீட்டர் என்பது பன்னிரண்டரைச் சுற்று, அரைச் சுற்று எங்காவது ஒளியவேண்டும். ஓட்டம் தொடங்குவது எதிர் நேர்ப்பகுதியின் கடைசியில், அங்கிருந்து 200 மீட்டர் ஓடி முதல் தடவை முடிவுக் கோட்டைத் தாண்டினால், மீதிச் சுற்றைக் காட்டுகிற பலகையில் 12 என்று இருக்கும். நான் தொடங்கிய இடத்திலிருந்து எண்ணினேன். என் கணக்கில் ஏழாவது சுற்று என்றால் 2400-லிருந்து 2800 வரை, அதில் எதிர் நேர்ப்பகுதி 2700-க்கு மேல் வரும். பையன் முடிவுக் கோட்டைத் தாண்டுவதை எண்ணினான், முதல் தாண்டல் வெறும் அரைச் சுற்றுதானே என்று அதைப் பூஜ்யமாக வைத்துவிட்டான். அவன் கணக்கில் ஏழு முடிவது 3000-ல், நாங்கள் மாறவேண்டியது 3100-க்கு மேல். இரண்டு பேர் கணக்கும் சரி. இடையில் ஒரு முழுச் சுற்று. வீட்டில் தோசை சாப்பிட்டுக்கொண்டே "ஏழாவதுல மாத்திக்கலாம்", "சரி அங்கிள்" என்று பேசி முடித்த விஷயம் அது.

கத்தினேன். இரண்டரை நிமிஷமாகப் பேச முடியாதவனுக்கு அப்போது மட்டும் குரல் எங்கிருந்து வந்ததோ. பையன் எழுந்து ஓடி வந்தான், ஆனால் அவன் இருந்தது உள்பக்கம், கயிற்று வளையம் என் கையில், வெளிப்பக்கம். எங்களுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு வெளியே வரவேண்டியிருந்தது. ஏற்கெனவே வெளிப்பக்கம் நின்று, கொஞ்சம் முன்னால் ஓட ஆரம்பித்திருந்தால் பத்து மீட்டரில் முடிகிற வேலை. வளையத்தை அவன் விரலில் மாட்டிவிட்டு நான் வெளியே ஒதுங்கியபோது வெள்ளைக் கோடு ஏற்கெனவே இடது பக்கம் வளையத் தொடங்கியிருந்தது. வளைவுக்குள் ஏழெட்டு மீட்டர் இருக்கும். அங்கே நாற்காலியில் இருந்த நடுவர் எழுந்து மஞ்சள் கொடியைத் தூக்கினார். எனக்கு அந்தக் கொடி நன்றாகத் தெரிந்தது. மருமகனுக்குத் தெரியவில்லை, பையன் பார்க்கவில்லை. மீதி 2200 மீட்டரையும் அவர்கள் இரண்டு பேரும் என்னவொரு அழகாக ஓடினார்கள் தெரியுமா, கைகள் ஒன்றுபோல வீசி, கடைசி நேர்ப்பகுதியில் இன்னொரு ஜோடியை முந்தி. நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, முடிவு தெரிந்தும், கத்தி உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தேன். வேறென்ன செய்வது?

ஏழாவதிலேயே மாற்றாமல் இன்னொரு சுற்று தாக்குப் பிடித்திருந்தால் பையன் அவன் கணக்குப்படி சரியாக நின்றிருப்பான், ஒரு சிக்கலும் இல்லை. இதைத்தான் மச்சான் திரும்ப வரும்போது காரில் கேட்டார். என்னால் முடிந்திருக்குமா? 400 மீட்டர், ஒன்றரை நிமிடம். அந்த நேரத்தில் முடியாது என்றுதான் நினைத்தேன். இப்போது உட்கார்ந்து யோசித்தால், "மெதுவா" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் குறைத்திருப்பான், நானும் ஓடியிருப்பேன். அந்த வார்த்தை வரவில்லை, மூச்சு இல்லாததால் பாதி, வெட்கத்தால் பாதி.

விதியைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஏற்பாட்டாளர்கள் வழிகாட்டிகளுக்கு விதிகளை வேக வேகமாக வாசித்தார்கள், யார் எங்கே நிற்கவேண்டும் என்று தளத்தில் காட்டியிருந்தால் புதுசாக வந்தவர்களுக்கு நன்றாக இருந்திருக்கும், அவ்வளவுதான் என் புகார். முறையீடு எழுதட்டுமா என்று மருமகனைக் கேட்டேன். "வளைவுக்குள்ளதான மாத்துனீங்க?" என்றான். ஆமாம் என்றேன். "அப்புறம் என்னத்த எழுதுறது?"

பெரிய இடங்களிலும் உடைவது இதே கண்ணிதான் என்று பிறகு தேடித் தெரிந்துகொண்டேன். 2000 சிட்னியில் கென்யாவின் ஹென்றி வான்யோய்க்கே 5000 மீட்டர் டி11 ஓடும்போது வழிகாட்டி கடைசியில் தளர்ந்து போய்விட்டார். வான்யோய்க்கே அவரை உசுப்பி, கூட்டிக்கொண்டு வந்து தங்கம் வாங்கினார். நாலு வருஷம் கழித்து ஏதென்ஸில் பால்ய நண்பர் ஜோசப் கிபுஞ்சாவோடு ஓடி 5000, 10,000 இரண்டிலும் தங்கம். 2024 பாரிஸ் மாரத்தானில் நடந்ததைக் கேட்டால் வயிறு எரியும். டி12-ல் ஸ்பெயினின் எலேனா கோங்கோஸ்ட் மூன்றாவதாக வந்துகொண்டிருக்கிறார், கோட்டுக்குச் சில மீட்டர் முன்னால் வழிகாட்டிக்குத் தசைப்பிடிப்பு, விழப்போகிறார், கோங்கோஸ்ட் அவரைத் தாங்குவதற்காக ஒரு கணம் கயிற்றை விடுகிறார். கோட்டைத் தாண்டும் வரைக்கும் கயிறு கையில் இருக்கவேண்டும். தகுதி நீக்கம், வெண்கலம் அன்றைக்கு அவருக்குப் பின்னால் மூன்று நிமிடத்துக்கும் மேல் கழித்து வந்த ஜப்பானின் மிசாதோ மிச்சிஷிதாவுக்குப் போனது. 42 கிலோமீட்டர் ஓடிய கால் நன்றாகத்தான் இருந்தது, கூட ஓடியவர் கால்தான் மடங்கியது. கோங்கோஸ்ட் கதையை மருமகனுக்கு வாசித்துக் காட்டியபோது அவன் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "நானும் விட்டிருப்பேன்" என்றான்.

இப்போது நாங்கள் மாற்றியவை. எண்ணுவது எப்போதும் பலகையில் இருக்கிற எண்ணை வைத்துத்தான், "பலகையில 6 பாத்த பிறகு வர்ற எதிர்ப்பக்கம்" என்று ஒரே வாக்கியமாகச் சொல்லி, மற்றவர் அதைத் திருப்பிச் சொல்லவேண்டும். மாற்று ஆள் வெளிப்பக்கம், நேர்ப்பகுதி தொடங்குகிற இடத்திலேயே நிற்கவேண்டும். மாதம் ஒரு தடவையாவது சுங்கைப்பட்டாணிக்குப் போய்ச் செயற்கைத் தளத்தில் ஓடுகிறோம். முக்கியமாக, வழிகாட்டி மருமகனைவிட 5000-ல் இரண்டு நிமிடமாவது வேகமாக இருக்கவேண்டும், அதனால் நான் அந்த வேலையிலிருந்து விலகிவிட்டேன். அப்புறம் பேச்சு. ஒன்றுமே இல்லாவிட்டாலும் பேசவேண்டும். பேச்சு நின்றால் வேகத்தைக் குறை என்று அவனுக்கும் மாற்றிப் பழக்கிக்கொண்டிருக்கிறோம், ஒன்றரை வருஷப் பழக்கம், சீக்கிரம் போகமாட்டேன் என்கிறது.

ஆள் கிடைப்பதுதான் பெரும்பாடு. பக்கத்து வீட்டுப் பையன் மேற்படிப்புக்கு வெளியூர் போய்விட்டான். தோட்டத்தில் இளவட்டம் எங்கே இருக்கிறது, பாதிப் பேர் பினாங்குத் தொழிற்சாலையில், மீதி சிங்கப்பூரில். கடைசியில் கிடைத்தவர் சுங்கைப்பட்டாணியில் ஒரு தொழிற்சாலைக்குக் காவல் இருக்கிற நேப்பாளத்துக்காரர். மலைக்காரர், அவருக்கு மூச்சு வாங்கி நான் பார்த்ததே இல்லை. தமிழ் தெரியாது, மலாய் கொஞ்சம். கிரி, கானான், தெரூஸ், இந்த மூன்றில் இடது வலது நேர் எல்லாம் அடங்கிவிடுகிறது. ஆனால் இடைவிடாமல் பேசு என்றால் மனுஷன் என்னத்தைப் பேசுவார், கண்ணில் படுவதையெல்லாம் அரைகுறை மலாயில் சொல்லிக்கொண்டே ஓடுகிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை மோட்டாரில் அவர்களுக்கு நல்ல தூரம் பின்னால் போனேன், எஞ்சின் சத்தம் அவன் காதைத் தொந்தரவு செய்யக் கூடாது. காற்று வாக்கில் பேச்சு வந்துகொண்டே இருந்தது. லாரி. லாரி காலி. வாழை. அம்மா ஒருத்தங்க. நாய். நாய் தூங்குது. ஆலை வாசலில் இரண்டு பேரும் நின்றார்கள், நான் போய்ச் சேர்ந்து மோட்டாரை அணைத்தேன். மருமகன் கயிற்றைக் கழற்றி முறுக்கிப் பிழிந்தான், வியர்வை சொட்டியது.

"மாமா, போன வாரம் பாலத்துக்கிட்ட படுத்திருந்துச்சே ஒரு செவல நாய், அது இன்னிக்கும் அங்கயேதான் தூங்குதாம்" என்றான்.